ஆறு சிலிண்டர்களும் ஒரே மூச்சும்

1961ஆம் ஆண்டு ஜெனீவாக் கண்காட்சியிலே வெளிவந்த ஜாகுவார் ஈ-டைப் காருக்கு வரிசையாக ஆறு சிலிண்டர்கள், எஸ்.யூ. காபரேட்டர்கள் மூன்று. மூன்றும் ஒரே அளவாகக் காற்றை உள்ளிழுத்தல் வேண்டும். இன்றேல் இயந்திரம் நடுங்கும்; பெற்றோல் குறைந்த சிலிண்டரின் வால்வு கருகவுங் கூடும்.

வால்வு இடைவெளியையும் தீப்பொறியின் நேரத்தையும் முதலிற் சரிபார்த்து, இயந்திரம் சூடேறிய பின்னரே மெக்கானிக் காபரேட்டரிற் கைவைப்பார். இணைப்புத் தண்டுகளைத் தளர்த்தி, றப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொன்றின் வாயிலும் வைத்து, சீறலொலி மூன்றிலும் ஒத்திருக்குமாறு திருகுகளைத் திருப்புவார். அடுத்து, ஒவ்வொன்றின் பிஸ்டனையும் அங்குலத்தின் 32இல் ஒரு பங்கு உயர்த்துவார். வேகங் கூடி நிலைத்தால் பெற்றோல் மிகுதி; தளர்ந்தால் குறைவு; சற்றே கூடி உடனே மீண்டால் அளவு சரி. ஒன்றைத் திருத்த மற்றவை மாறுமாதலின், மீண்டும் செவிமடுத்த பின்னரே தண்டுகளை இறுக்குவார்.

பொறுமையுள்ள செவியே இங்கு முதற் கருவி.