எட்டும் உயரம், எழுதும் உயரம்



மீன மாதம் பிறந்துவிட்டால் நம் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, கொல்லங்கோடு, நெம்மாறை வரை சாலையோரமெல்லாம் யானைப் படங்கள்தான். நெம்மாறை–வல்லங்கி வேலா திருவிழா நெருங்கும் நேரம் அல்லவா! யானையின் பெயர், அதற்குக் கொடுத்த பட்டம், பல பலகைகளில் உயரமும் போட்டிருக்கும். டீக்கடைப் பேச்சும் அதுதான். "பத்தடின்னு எழுதியிருக்கு, பார்த்தா அப்படித் தெரியலையே" என்று ஒருவர் ஆரம்பித்தால் போதும், டம்ளர் ஆறுகிற வரை வாக்குவாதம் ஓயாது.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. யானைக்கு உயரம் பிடிப்பது உச்சந்தலை வரைக்கும் இல்லை. பாகன் உட்காரும் கழுத்தடி வரைக்கும்தான். மலையாளத்தில் இரிக்கஸ்தானம் என்பார்கள். ஆனால் கூட்டத்தில் நிற்கிற நாம் பார்ப்பது யானை தூக்கிப் பிடிக்கிற தலையை. யானைகள் தலை தூக்கி நிற்கும் தலப்பொக்கப் போட்டியில், சாமியின் திடம்பைச் சுமப்பது எது என்று முடிவாவதும் அந்தத் தலையை வைத்துத்தான். நம் பாலக்காட்டு மாவட்டத்து மங்கலாம்குன்று கர்ணன் என்ற யானையை மறந்திருக்க மாட்டீர்கள். 2021 ஜனவரியில் அது இறந்தபோது எத்தனை பேர் அழுதார்கள்! அளவில் தன்னைவிட உயரமான யானைகள் பக்கத்தில் நிற்கும்போதும் கர்ணன் தலையெடுத்து நின்றால் அதுதான் உசரமாகத் தெரியும். நிற்கிற தோரணை அப்படி. சில இடங்களில் யானையின் தாடைக்கடியில் குச்சியால் குத்தித் தலையைத் தூக்க வைக்கிறார்கள். அது கொடுமை, நிறுத்த வேண்டிய வழக்கம்.

எழுதுகிற உயரமும் தெரிகிற உயரமும் ஒன்றாக இல்லாத இன்னோர் இடம் கூடைப்பந்து. அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டிகளைப் பார்க்கிற பிள்ளைகள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். அந்த வீரர்களின் உயரத்தைப் பல காலம் அவரவர் அணியே எழுதிக் கொடுத்து வந்தது. சில அணிகள் ஷூ போட்டு அளந்தன, சில கழற்றி அளந்தன. ஷூவே ஓர் அங்குலத்துக்கு மேல் கூட்டிவிடும். சார்லஸ் பார்க்லி 6 அடி 6 அங்குலம் என்று பதிவில் இருந்தார். ஓர் அங்குலத்துக்கு மேல் குறைவுதான் என்று பின்னால் அவரே சொன்னார்.

கூட்டி எழுதியது புரிகிறது. குறைத்து எழுதியவர்களும் உண்டு என்பதுதான் எனக்கு ஆச்சரியம். கெவின் டுராண்டை 6 அடி 9 அங்குலம் என்று வருஷக்கணக்கில் எழுதி வந்தார்கள். அவர் அதைவிட உயரம். ரொம்ப உயரம் என்று தெரிந்தால் கூடைக்கடியிலேயே நிறுத்திவிடுவார்கள். வெளியே ஓடி, பந்தைத் தட்டிக்கொண்டு போய், தூரத்திலிருந்து எறிகிற ஆட்டம் அவருக்குப் பிடித்தது. அதனால் அந்த எண்ணே அவருக்குப் போதுமாக இருந்தது. 2019-20 பருவத்திலிருந்து ஷூ இல்லாமல் அளந்து, அணி மருத்துவர் உறுதி சொல்ல வேண்டும் என்று சட்டம் வந்தது. டுராண்ட் 6 அடி 10 ஆனார். பலர் ஓர் அங்குலம் குறைந்தார்கள்.

நேர்மையாக அளந்தாலும் எண் நிலையாக நிற்பதில்லை. காலையில் எழுந்ததும் இருக்கிற உயரம் சாயங்காலம் இருக்காது. நாள் முழுக்க நின்று, உட்கார்ந்து, சுமந்து முதுகெலும்புகளுக்கு நடுவிலிருக்கும் மெத்தை போன்ற வட்டுகள் அமுங்கிவிடும். ஒரு சென்டிமீட்டர், சிலருக்கு அதற்கு மேலும் குறையும். படுத்துத் தூங்கினால் மறுபடி வந்துவிடும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. இடுக்கி மலையில் ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக் கொடுத்த காலம். பக்கத்து மாவட்டமான கோட்டயத்திலிருந்து போன கீது அன்னா ஜோஸ், 6 அடி 2 அங்குலம், இந்திய அணிக்கு ஆடி 2014இல் அர்ஜுனா விருதும் வாங்கியிருந்தார். எங்கள் பெண் பிள்ளைகளுக்கு அவர்தான் கனவு. தோட்டத்து லயத்து வீட்டுப் பெண் ஒருத்தியை ஓர் அணித் தேர்வுக்குக் கூட்டிப்போனேன். பள்ளிச் சுவரில் முன்பு ஒரு காலையில் பென்சில் கோடு போட்டு அளந்தபோது அவர்கள் கேட்ட உயர வரம்பைச் சரியாகத் தொட்டாள். தேர்வு நாளில் விடியுமுன் பஸ் ஏறி, மலை இறங்கி, வெயிலில் வரிசையில் நின்று, அவள் முறை வந்தபோது மணி நாலரை. அளவுப் பலகையில் ஒரு சென்டிமீட்டர் குறைந்தது. காகிதத்தில் ஒரு கோடு அடித்தார்கள். அவ்வளவுதான்.

கையை உயர்த்தச் சொல்லி யாரும் பார்க்கவில்லை. பந்தைப் பிடிப்பது கைதானே! அவளுக்குத் தோள் அகலம், கை நீளம். தன்னைவிட நாலு விரல் உயரமான பிள்ளைகளின் தலைக்கு மேலேயே பந்தைப் பறிப்பாள். இதை நான் அங்கே சொல்லிப் பார்த்தேன். அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ராத்திரி பஸ்ஸில் திரும்பும்போது ஒரு வார்த்தை பேசவில்லை அவள். எங்கள் நிறுத்தம் வந்ததும் எழுந்தாள். மேலே கம்பித் தட்டில் உள்ளே தள்ளிக் கிடந்த பைகளை, குதிகால் தரையில் பதிந்தபடியே, ஒவ்வொன்றாக எட்டி எடுத்து எல்லோருக்கும் கொடுத்தாள்.