பெடர் சாலை மேடு



நம் மும்பை மாநகரில் 2004-ஆம் ஆண்டு தொடங்கிய மாரத்தான் ஓட்டத்தைத் தாங்கள் அறிவீர்கள். அதன் முழுத் தொலைவான 42.195 கிலோமீட்டரையும் கடப்பதென நம் குடியிருப்பினர் நால்வர் துணிந்தோம். நால்வரும் ஐம்பதை நெருங்கியவர்கள். வீட்டார் நகைத்ததில் நியாயம் உண்டு.

இருள் விலகுமுன், வி.டி. என்றே நாம் இன்னும் வாய்தவறிச் சொல்லும் சத்ரபதி சிவாஜி மகாராஜ் நிலையத்தின் அருகிலிருந்து புறப்பட்டோம். கடற்பாலத்தில் காற்று இதமாயிருந்தது. பேச்சும் சிரிப்புமாகச் சென்றோம். அச்சிரிப்பு பெடர் சாலையில் அடங்கியது. முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால், கால்கள் ஓய்ந்த வேளையில் எதிர்ப்படும் ஏற்றம் அது. எங்களுள் மூத்தவர் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ள, நடைபாதையில் அமர்ந்துவிட்டார். மற்ற மூவரும் முதலில் அவரைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தோம். அதனை எண்ணி இன்றும் நாணுகிறோம்.

அவ்வேளை வாசலில் நின்ற மராட்டிய மூதாட்டி ஒருவர் ஆரஞ்சுச் சுளைகளும் உப்பும் கொணர்ந்து, தரையில் அமர்ந்து அவர் காலை நீவிவிட்டார். "உங்கள் அண்ணனா?" என்று எங்களை வினவினார். "ஆம்" என்றோம். பின்னர் நால்வரும் மேட்டை நடந்தே ஏறினோம். எல்லையையும் ஒன்றாகவே தொட்டோம்.

அவ்வம்மையாரின் பெயரைக் கேட்க மறந்தோம். வரும் ஜனவரியில் அவ்வாசலில் சற்றே நிற்பதாக இருக்கிறோம்.