மூளைக்கட்டி வந்தவரின் மனசையும் பார்ப்போம்

(மாதர் சங்கக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



ஒருத்தருக்கு மூளையில் கட்டி என்றதும் லயத்தில் உள்ள எல்லோரும் ஓடி வந்து ஸ்கேனைப் பற்றியும் ஒப்பரேஷனைப் பற்றியும் விசாரிக்கிறோம். "மனசு எப்படி இருக்கு?" என்று கேட்கிறவர்கள் குறைவு. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

நம்ம கோபம், பொறுமை, ஞாபகம், பேச்சு எல்லாம் மூளையில்தான் இருக்கின்றன. கட்டி அந்த இடத்திலேயே வருகிறது. புற்றுநோய் அல்லாத கட்டியும் உண்டு. ஆனால் மண்டையோட்டுக்குள் இடம் குறைவு, அதனால் அதுவும் மூளையை அழுத்தும். நெற்றிப் பக்கம் பாதிக்கப்பட்டவர் சும்மாவே உட்கார்ந்திருப்பார். சொன்னால்தான் குளிப்பார். வீட்டில் "சோம்பேறி ஆகிட்டான்" என்பார்கள். இன்னொருத்தர் மாமியார் முன்னாலேயே வாயில் வந்ததைப் பேசுவார். உடனே செய்வினை என்று கோடாங்கியைத் தேடுகிறோம். சாமி கும்பிடுவதை நான் குறை சொல்லவில்லை, கும்பிடுங்க. ஆனால் கிளினிக் திகதியைத் தவற விடாதீங்க.

மருந்தும் மனசை ஆட்டும். மூளை வீக்கம் குறைய டெக்ஸாமெதசோன் குளிசை கொடுப்பார்கள். அதனால் தூக்கம் கெடும், பசி கூடும், முகம் உப்பும், காரணமில்லாமல் அழுகையும் ஆத்திரமும் வரும். வலிப்புக்குக் கொடுக்கிற லெவெடிரசெட்டம் சிலருக்கு எரிச்சலை உண்டாக்கும். அதற்காக நீங்களாகவே குளிசையை நிறுத்தக்கூடாது, திடீரென்று நிறுத்துவது ஆபத்து. டொக்டரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றிப் பார்ப்பார்.

வலிப்பு வந்தவருக்குப் பயத்தை விட வெட்கம் பெரிசு. பிரட்டுக்களத்தில் நாலு பேர் பார்க்க விழுந்திருந்தால், அப்புறம் வெளியே வரவே கூச்சப்படுவார். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்க. கையில் சாவி கொடுக்கிறதால் பிரயோசனம் இல்லை, வாயில் எதையும் வைக்காதீங்க. ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனால் ஆஸ்பத்திரி. அடுப்படியிலும் பீலிக்கரையிலும் ஆள் துணை வேணும். மற்ற வேலையெல்லாம் பிடுங்கிக் கொள்ளாதீங்க. இருபது வருஷம் கொழுந்து பறித்த பொம்பளையை "நீ சும்மா உட்காரு" என்று மூலையில் வைத்தால், அதுவே பாதி வியாதி. மலைக்குப் போக முடியாவிட்டாலும், உட்கார்ந்து கீரை ஆயலாம், மகளுக்குத் தலை வாரலாம். அன்றைக்கு அவருக்கு என்ன செய்ய முடியும் என்று அவரிடமே கேளுங்க.

இப்போது சொல்லப் போவதைக் கவனமாகக் கேட்கணும். "நான் எல்லாருக்கும் பாரமா இருக்கேன், செத்துப் போனா தேவலை" என்று சொன்னால், சும்மா சொல்றார் என்று விடாதீங்க. "சாகணும்னு நெனைப்பு வருதா?" என்று நேராகவே கேளுங்க. கேட்பதால் அந்த நினைப்பு உண்டாகாது. தனியாக விடாதீங்க. மருந்தடிக்கிற போத்தலையும் மிச்சக் குளிசைகளையும் கைக்கு எட்டாமல் வையுங்க. அன்றைக்கே டிஸ்பென்சரிக்குச் சொல்லுங்க. 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கும் போன் பண்ணலாம். மனச்சோர்வுக்கு மருந்தும் இருக்கு, உட்கார்ந்து பேசி ஆற்றுகிற வைத்தியமும் இருக்கு. மூளைக்கட்டி உள்ளவருக்கும் அது கிடைக்கணும்.

பக்கத்தில் இருந்து பார்க்கிறவரும் மனுஷர்தான். ராத்திரி முழுக்க விழித்துவிட்டு விடிந்ததும் அரைப் பேருக்காவது ஓடுகிற புருஷனையும் மகளையும் நமக்குத் தெரியும். பக்கத்துக் காம்பிராக்காரர் இரண்டு மணித்தியாலம் பார்த்துக்கொண்டால் அவர்கள் கொஞ்சம் கண் மூடலாம்.

கண்டிக்கோ மகரகமவுக்கோ கிளினிக் போகிறவர்கள், தூக்கம், கோபம், அழுகை, மறதி, வலிப்பு வந்த நாள் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்க. டொக்டர் "எப்படி?" என்றால் "சுகம் ஐயா" என்று தலையாட்டி வராதீங்க. சிங்களம் தெரியாவிட்டால் பெரிய ஆள் ஒருவரைத் துணைக்குக் கூட்டிப் போங்க. ஸ்கூல் பிள்ளையை வைத்து அப்பாவின் வியாதியைப் பேச வைக்க வேண்டாம். ஆள் கிடைக்காவிட்டால் இரண்டு நாள் முந்தி என்னிடம் சொல்லுங்க, ஏற்பாடு செய்து தருகிறேன்.