வெறுவெளியில் பிறக்கும் துகள்கள்
(ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

மழைக்காலத்து இரவில் வண்டூர்க் கடல்மேல் மின்னல் வெட்டுவதை நாம் கண்டிருக்கிறோம். மின்புலம் மீட்டருக்கு ஏறத்தாழ 30 லட்சம் வோல்ட்டை எட்டினால் காற்று தாங்காது. உடைந்து மின்சாரத்துக்கு வழிவிடும். காற்றே இல்லாத வெற்றிடத்தில் புலத்தைக் கூட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும்? இதுவே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

வெற்றிடமும் உடையும்! 1931இல் சாவ்ட்டர் வழிதொடங்க, 1936இல் ஹைசன்பர்க்கும் ஆய்லரும் ஆராய, 1951இல் ஷ்விங்கர் இதன் கணக்கைத் தெளிவாக வகுத்தார். மின்புலம் தன் ஆற்றலைச் செலவிட்டு, எலெக்ட்ரானையும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானையும் சோடியாகப் படைக்கிறது. ஒரு சோடியின் விலை 10 லட்சத்து 22 ஆயிரம் எலெக்ட்ரான்-வோல்ட். இதற்கு வேண்டிய புலமோ மீட்டருக்குச் சுமார் 13,000 கோடி கோடி வோல்ட். நம் தீவின் மின்நிலையத்தை இதற்காகத் தொந்தரவு செய்ய வேண்டாம். அத்தகைய நிலையான புலத்தை எந்த ஆய்வுக்கூடமும் இன்னும் உண்டாக்கவில்லை. 2022இல் மான்செஸ்டர் பல்கலைக்கழக அறிஞர்கள் கிராஃபீன் என்னும் மெல்லிய கரிப்படலத்தில் இதன் சாயலை மட்டும் கண்டனர்.

ஏறமுடியாத மேட்டை ஊடுருவி அப்பால் செல்வதுபோல் துகள் வெளிப்படுகிறது என்று நூல்கள் விளக்கும். இவ்விளக்கம் எங்கும் பொருந்துமா? புனேயில் பணிபுரிந்த தாணு பத்மநாபனும் எல். ஸ்ரீராம்குமாரும் 1996இல் இதைச் சோதித்தனர். காலத்தால் மாறாத சில காந்தப்புலங்களில் ஊடுருவல் உண்டு, துகள்பிறப்போ இல்லை என்று காட்டினர். ஊடுருவலைக் கண்டதும் பிறப்பு என்று எண்ணிவிடலாகாது! இந்த எச்சரிக்கையையே நான் பெரிதும் மதிக்கிறேன். ஸ்ரீராம்குமார் பின்னர் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியரானார், பத்மநாபன் 2021இல் மறைந்தார்.

ஈர்ப்பினால் வளைந்த கால வெளியில் சிக்கல் இன்னும் மிகும். அங்கே எது வெறுமை, எது துகள் என்பதே காண்பவரைப் பொறுத்தது. ஒருவருக்கு வெற்றிடமாக இருப்பது, வேறுவிதமாக நகரும் மற்றொருவருக்குத் துகள் நிறைந்ததாகத் தோன்றலாம். ஆகையால் எண்ணுவதற்கு முன், எண்ணுபவர் யார் என்று கேட்க வேண்டும்.

மின்னேற்றமுடைய கருந்துளையில் இரண்டும் கூடுகின்றன. அதன் விளிம்பில் சோடிகள் பிறந்தால், எதிரின மின்னேற்றமுடையதை அது விழுங்கும், ஓரினமுடையதைத் தள்ளிவிடும். இவ்வாறே அதன் மின்னேற்றம் கரையும் என்று கிப்பன்ஸ் 1975இல் எடுத்துக்காட்டினார். சிறிய கருந்துளையில் இது விரைந்து நிகழும். மிகப் பெரியவற்றிலோ விளிம்பருகே புலம் மெலிவாதலால் ஏறத்தாழ நிகழாது.