கதை பார்த்து அழுதால் போதுமா?

(தோட்ட வாசிகசாலையில் பெற்றோரும் பிள்ளைகளும் கூடிய வேளையில் எமது வாசிப்புக் குழுவின் சார்பில் நிகழ்த்திய பேச்சு)



தொலைக்காட்சி நாடகம், இளம் பிள்ளைகள் வாசிக்கிற நாவல் ஆகிய இரண்டையும் பற்றிப் பேசும்படி எங்களிடம் கேட்டார்கள். நாங்கள் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் அல்ல. நாடகம் பார்த்தவர்கள், கையில் கிடைத்த புத்தகத்தை வாசித்தவர்கள், அவ்வளவுதான். ஆகவே இங்கே சொல்லப்போவது எங்கள் சொந்த அபிப்பிராயம். பிழை என்று பட்டால் பேச்சு முடிந்ததும் தாராளமாக எழுந்து சொல்லுங்கள்.

எங்கள் லயத்துக்கு முதல் டீவி வந்தபோது காம்பராக்களில் கரண்ட் கிடையாது. கார் பேட்டரியில் ஓடிய கறுப்பு வெள்ளைப் பெட்டி அது. பேட்டரி இறங்கிவிட்டால் தோளில் சுமந்துகொண்டு டவுனுக்குப் போய் சார்ஜ் ஏற்றிவர வேண்டும். அந்த ஒரு காம்பராவில் முழு லயமும் உட்காரும். இடம் கிடைக்காதவர்கள் இஸ்தோப்பில் நின்று எட்டிப் பார்ப்பார்கள். அந்தப் பெட்டியில்தான் 'ஓஷின்' பார்த்தோம்.

இன்றைய பிள்ளைகளுக்கு அது தெரியாது. ஜப்பானின் என்.எச்.கே. நிறுவனம் 1983 ஏப்ரல் முதல் 1984 மார்ச் வரை ஒளிபரப்பிய நாடகம் அது. ஒவ்வொன்றும் 15 நிமிடமாக மொத்தம் 297 பகுதிகள். எழுதியவர் சுகாகோ ஹஷிடா என்ற பெண்மணி. பிறகு 60க்கும் மேற்பட்ட நாடுகளில் காட்டினார்கள். நம் நாட்டில் ரூபவாஹினி காட்டியது. பேசிய மொழி நம் வீட்டு மொழி இல்லை. ஆனாலும் எங்கள் அம்மாமாருக்கு ஒரு வார்த்தை விளக்கிச் சொல்லத் தேவைப்படவில்லை. ஏன் தெரியுமா? கதை அப்படி.

ஓஷின் ஒரு குத்தகை விவசாயியின் மகள். வீட்டில் அரிசி போதாது. முள்ளங்கியை நறுக்கிக் கலந்து சோறாக்கித்தான் எல்லோருக்கும் பங்கு வைப்பார்கள். வருஷம் 1907. ஏழு வயதுப் பிள்ளையை, ஒரு மூட்டை அரிசியை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, ஒரு வருஷ வேலைக்கு அனுப்புகிறார்கள். பனி கொட்டும் ஆற்றில் மரத் தெப்பத்தில் பிள்ளை போகிறது. கரையில் தாய் நிற்கிறாள். அந்தக் காட்சியன்று எங்கள் காம்பராவில் அழாதவர் யாரும் இல்லை. எந்நேரமும் அதட்டிப் பேசுகிற ஒரு பெரியவர்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு பீடி பற்ற வைத்தார்.

முன்கூட்டியே வாங்குவது என்பது நமக்குப் புதிதா? நம் பாட்டன் பூட்டன்மார் இந்த மலைக்கு வந்ததே முன்பணக் கடனைத் தலையில் சுமந்துதானே? 'துண்டு' என்று சொல்லுவார்களே, அந்தக் காகிதத்தில் எழுதிய கடனோடு ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கைமாறியவர்கள்தானே அவர்கள்? அதனால்தான் அந்தக் கதை நமக்கு ஒட்டிக்கொண்டது.

இனி நாங்கள் சொல்ல வெட்கப்படுகிற விஷயத்துக்கு வருகிறோம்.

அன்று எங்களோடு முன்வரிசையில் உட்கார்ந்து ஓஷின் பார்த்த பிள்ளை ஒருத்தி. எங்களில் சிலருக்கு ஒரே வகுப்புத் தோழி. அடுத்த தைப்பொங்கலுக்குப் பிறகு அவள் பள்ளிக்கூடம் வரவில்லை. தரகர் ஒருவர் வந்து வீட்டில் கொஞ்சம் பணம் கொடுத்து, கொழும்புக்கு வேலைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஓஷினுக்கு அழுத அதே லயம், அவளைப் பஸ் ஏற்றிவிட்டுத் தேத்தண்ணி குடித்தது. யாரும் கேள்வி கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து வந்தாள். "அங்க பெரிய டீவி இருக்குமே, நாடகமெல்லாம் பார்த்தியா?" என்று கேட்டோம். "சமையல்கட்டு வாசல்ல நின்னு பார்க்கலாம். உட்காரக்கூடாது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஓஷினுக்கு எழுத்துச் சொல்லிக்குடுக்க ஆள் இருந்துச்சு. எனக்கு ஆரு இருந்தா?" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். ஓஷின் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வெளியே நின்று பாடம் கேட்கிறாள். வேலைக்கிருந்த வீட்டில் திருட்டுப் பழி சுமத்த, தாங்க முடியாமல் பனியில் ஓடிவருகிறவளை ஒரு மனிதன் காப்பாற்றி எழுத்துப் பழக்குகிறான். பிறகு போன அரிசிக்கடை வீட்டில் வயதான எஜமானியம்மாள் கணக்கும் எழுத்தும் சொல்லித் தருகிறாள். கடைசியில் ஓஷின் பல கடைகளுக்குச் சொந்தக்காரி. பொறுத்துப் போனால் உயரலாம் என்று இந்தக் கதையைச் சொல்லுவார்கள். எங்கள் அபிப்பிராயம் வேறு. அவளை உயர்த்தியது பொறுமை மட்டும் இல்லை. யாரோ ஒருவர் கையில் எழுத்தைக் கொடுத்தார். எழுத்து இல்லாமல் பொறுமை மட்டும் இருந்தால் சமையல்கட்டு வாசல்தான் மிச்சம்.

இன்றைய சீரியல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாள் முழுக்கக் கொழுந்தெடுத்து, கூடை சுமந்து வருகிற தாய் அரை மணித்தியாலம் டீவி முன்னால் உட்காருவதை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். அது அவங்க உரிமை. ஆனால் அந்த நாடகங்களில் பட்டுச்சேலையோடு அடுப்படியில் நிற்கிறார்கள். என்ன சம்பளம், கடைக் கடன் எவ்வளவு என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. வீட்டு வேலைக்காரப் பிள்ளை தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விடும். அவளுக்குக் கதை கிடையாது. அந்தத் தட்டைத் தூக்கிவருகிற பிள்ளை எந்த ஊர் என்று எப்போதாவது யோசித்தோமா?

புத்தகத்திலும் இதே கேள்வி வருகிறது. மார்ட்டின் விக்கிரமசிங்க 1947இல் எழுதிய 'மடோல் தூவ' என்ற சிங்கள நாவல், இளம் பிள்ளைகளுக்கு மிக நல்ல புத்தகம். தமிழிலும் வந்திருக்கிறது. 1976இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அதைப் படமாக்கினார். உபாலி என்ற குறும்புக்காரப் பையனும், அவன் வீட்டு வேலைக்காரப் பையன் ஜின்னாவும் ஊரைவிட்டு ஓடிப்போய், கொக்கலை வாவியிலுள்ள ஆளில்லாத தீவைத் துப்புரவாக்கிப் பயிர் செய்கிறார்கள். காடு வெட்டி மண் கொத்துகிற கதை என்றால் நம் பிள்ளைகளுக்குச் சொல்லவா வேண்டும்? ஒரே மூச்சில் வாசித்துவிடுவார்கள்.

தீவில் இரண்டு பேரும் சேர்ந்து மண்ணைக் கொத்துகிறார்கள். எங்களுக்குப் பிடித்ததே அதுதான். ஆனால் கதை முழுவதையும் 'நான்' என்று சொல்லுகிறவன் உபாலி. எங்கள் குழுவில் எட்டாம் வகுப்புத் தங்கச்சி ஒருத்தி வாசித்துவிட்டு, "ஜின்னா சொன்னா இந்தக் கதை எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். எங்களில் பெரியவர்கள் ஒருவருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை. ஒரு நாவல் செய்யக்கூடிய நல்ல காரியம் அதுதான். நாடகம் தன் வேகத்தில் ஓடிவிடும். புத்தகத்தை மடித்து வைத்துவிட்டு யோசிக்கலாம், திரும்பவும் அந்தப் பக்கத்துக்குப் போகலாம்.

இதெல்லாம் பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2021 ஜூலையில், கொழும்பில் வீட்டு வேலைக்கிருந்த மலையகப் பிள்ளை ஒருத்தி தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் இறந்தாள். அன்றும் நாம் எல்லோரும் டீவி முன்னால் அழுதோம். சட்டம் இப்போது தெளிவாகவே இருக்கிறது. 16 வயது வரை பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயதும் 2021இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. ஆபத்திலுள்ள பிள்ளைக்காக 1929 என்ற இலக்கத்துக்கு யாரும் அழைக்கலாம். இலக்கத்தைப் பிள்ளைகளும் மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள்.

பெற்றோரிடம் நாங்கள் கேட்பது மூன்றே விஷயம். நாடகம் முடிந்ததும் டீவியை நிறுத்திவிட்டுப் பத்து நிமிஷம் பிள்ளைகளோடு அதைப் பற்றிப் பேசுங்கள். மாதம் ஒரு புத்தகமாவது இந்த வாசிகசாலையிலிருந்து வீட்டுக்குப் போகட்டும். வாசிக்கத் தெரியாத தாய்க்குப் பிள்ளை வாசித்துக் காட்டட்டும். மூன்றாவது, தரகர் படியேறி வந்தால், அன்று நாங்கள் கேட்கத் தவறிய கேள்வியை நீங்கள் கேளுங்கள். பக்கத்துக் காம்பராவாக இருந்தாலும் கேளுங்கள்.

எங்கள் தோழி இன்று இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அவள் மகள் இந்த வருஷம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள். ஜின்னாவின் கதையை எழுதப்போவதாக அந்தப் பிள்ளை எங்களிடம் சொல்லியிருக்கிறாள். எழுதி முடித்ததும் இதே வாசிகசாலையில் எல்லோரும் கூடி வாசிப்போம்.