எதிர்ப்புக்குள்ளான நூல்களும் அன்றாட எழுத்தும்



எதிர்ப்புக்குள்ளாகும் நூல்களைப் பற்றிப் பேசுமாறு மன்றத்தார் பணித்தனர். தலைப்பின் பிற்பாதியாகிய அன்றாட எழுத்தை நானே சேர்த்துக்கொண்டேன். இரண்டுக்கும் என்ன தொடர்பு என நீங்கள் வினவக்கூடும். என் வீட்டு அலமாரியில் உள்ள பழைய குறிப்பேடு ஒன்றே அத்தொடர்பு.

நூல்களைத் தடை செய்தல், மீட்டுக்கொள்ளுதல், எரித்தல் ஆகியவற்றைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் பாதிக்கப்பட்ட எழுத்தாளரின் பக்கத்தில் நின்றே பேசுகிறோம். எதிர்த்தவர்கள் வேறு யாரோ என்பது போன்ற தொனி நம் பேச்சில் இருக்கும். மலேசியத் தமிழர்களாகிய நமக்கு அந்த வசதி இல்லை. நம் நாட்டில் அண்மைக் காலத்தில் மிகுந்த எதிர்ப்பைச் சந்தித்த நூல்களுள் ஒன்றை எதிர்த்தவர்கள் நாமே. நானும் எதிர்த்தேன்.

'இன்டர்லோக்' என்னும் மலாய் நாவலைச் சொல்கிறேன். அப்துல்லா ஹுசைன் எழுதிய அந்நாவல் 1971இல் வெளிவந்தது. செமான், சிங் ஹுவாட், மணியம் எனும் மூவரின் குடும்பங்களை முதல் மூன்று பகுதிகளில் தனித்தனியே சொல்லி, நான்காம் பகுதியில் ஒன்றுசேர்க்கும் கதை அது. ஆசிரியர் 1996இல் தேசிய இலக்கியவாதி விருது பெற்றவர். நாற்பதாண்டுகள் பெரிய சலசலப்பு ஏதுமின்றி நூலகங்களில் இருந்த அந்நாவல், 2011இல் ஐந்தாம் படிவ மலாய் இலக்கியப் பாடநூலானது. அப்போதுதான் மணியத்தின் பகுதியில், தென்னிந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தோரைக் குறிக்கும் இடத்தில், 'பறையர்' என்ற பெயரின் மலாய்த் திரிபு வருவது நம்மவர் கண்ணில் பட்டது. கண்டனங்கள் எழுந்தன. திருத்தம் செய்வதா, மீட்டுக்கொள்வதா எனக் குழு அமைத்துப் பேசினர். 2011 டிசம்பரில் நாவல் பாடத்திட்டத்திலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது.

அவ்வாண்டின் தொடக்கத்தில் ஓர் அமைப்பு நடத்திய கூட்டத்தில் என்னைப் பேச அழைத்தனர். மொழியியலாளர் என்பதால் சொல்லாராய்ச்சி செய்யும் பொறுப்பு எனக்கு. நகலெடுத்த தாள்கள் நான்கைக் கையில் தந்தனர். குறிப்பிட்ட வரிகளின் கீழ் சிவப்பு மையால் கோடிடப்பட்டிருந்தது. இருபது நிமிடம் பேசினேன். பறை என்னும் பெயர் இசைக்கருவியைக் குறிக்கும். பறைதல் என்னும் வினை சொல்லுதலைக் குறிக்கும். மலையாளத்தில் இன்றும் சொல்வதற்குப் பறைதலே வழக்கு. புறநானூற்றுக் காலத்திலேயே பறை கொட்டுவோர் ஒரு குடியாகச் சுட்டப்பட்டனர். அக்குடிப்பெயர் ஐரோப்பியர் வாயில் புகுந்து, ஒதுக்கப்பட்டவர் என்ற பொதுப்பொருளைப் பெற்று, மலாயில் தெருநாயைக் குறிக்கும் தொடர் வரைக்கும் வந்து சேர்ந்தது. இவற்றையெல்லாம் சொன்னேன். சொன்னவை பிழையல்ல. கைதட்டலும் மிகுதியாகவே கிடைத்தது.

கூட்டம் முடிந்ததும், இடைநிலைப்பள்ளியில் மலாய் கற்பிக்கும் என் பழைய மாணவி ஒருவர் அருகில் வந்து, "ஐயா, நாவலை முழுமையாகப் படித்துவிட்டீர்களா?" என்று கேட்டார். வேறு எவரோ குறுக்கிட்டுக் கைகுலுக்கியதால் விடை சொல்லாமல் நகர்ந்துவிட்டேன்.

இந்நிகழ்ச்சியை நான் பின்னாளில் வேறு விதமாக நினைவில் வைத்திருந்தேன். நாவலைப் படித்துவிட்டே பேசியதாகவும், பாடநூலாக்குவதை மட்டுமே எதிர்த்ததாகவும் நண்பர்களிடம் சொல்லிவந்தேன். பொய் சொல்கிறோம் என்ற உணர்வே எனக்கில்லை. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து வீட்டில் அடைந்திருந்தபோது பழைய குறிப்பேடுகளை ஒழுங்குபடுத்தினேன். மாணவப் பருவத்திலிருந்து நாள்தோறும் பத்து வரியேனும் எழுதும் பழக்கம் எனக்குண்டு. அக்கூட்டத்து நாளுக்குரிய பக்கத்தில் மூன்றே வரிகள் இருந்தன. நல்ல கூட்டம். நாவல் கிடைக்கவில்லை, நான்கு பக்கம் போதுமானதாக இருந்தது. அந்தப் பெண்ணுக்கு விடை சொல்லவில்லை.

'போதுமானதாக இருந்தது' என்பது என் கையெழுத்துத்தான். என்னைத் திருத்தவேண்டும் என்ற நோக்கத்துடன் நான் அதை எழுதவில்லை. அன்றாடம் எழுதுபவனிடம் அத்தகைய நோக்கம் ஏதும் இருப்பதில்லை. உறங்கப் போகுமுன் நடந்ததை எழுதிவைக்கிறான், அவ்வளவே. நினைவோ நம் வசதிக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. எழுதிய பக்கம் எழுதியபடியே கிடக்கிறது.

இவ்விடத்தில் ஆனந்தரங்கப் பிள்ளையை நினைக்காமல் இருக்க இயலவில்லை. புதுச்சேரியில் ஆளுநர் துய்ப்ளேவின் துபாஷாக இருந்த அவர், 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்த நேரம், துணி விலை, யார் யாரிடம் என்ன பேசினார், யார் கையூட்டு வாங்கினார் எனக் கண்டதையும் கேட்டதையும் எழுதினார். நடையழகைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. பேச்சு வழக்கும் பிறமொழிச் சொற்களும் கலந்து ஓடும் தமிழ் அது. அதனாலேயே பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழ் எவ்வாறு பேசப்பட்டது என அறிய விரும்பும் எங்களைப் போன்றோர்க்கு அது புதையலாயிற்று.

மீண்டும் நாவலுக்கு வருகிறேன். குறிப்பேட்டைப் பார்த்த மறுவாரம் நண்பர் ஒருவரின் உதவியால் 'இன்டர்லோக்' கிடைத்தது. மூன்று வாரம், நாளொன்றுக்கு இருபது, முப்பது பக்கமாகப் படித்து, படித்தவற்றைப் பற்றி அன்றன்றே எழுதினேன். முதல் வாரக் குறிப்புகள் முழுக்கக் குறை கூறுபவை. இந்தியச் சமூகங்களுக்குள் உள்ள வேறுபாடுகளை ஆசிரியர் நுணுக்கமாக அறிந்திருக்கவில்லை என்பதே இன்றும் என் கருத்து. அச்சொல்லும் தைக்கிறது. பதினேழு வயது மாணவி ஒருத்தி நாற்பது பேர் நடுவில் அமர்ந்து அதைக் கேட்க நேர்வதை எளிதாகக் கடந்துவிட முடியாது. ஆனால் இரண்டாம் வாரத்தில் என் குறிப்புகளின் தொனி மாறுகிறது. மூன்று இனத்தாரின் குறைகளையும் அந்நாவல் மறைக்கவில்லை. கோடிடப்பட்ட நான்கு பக்கங்களில் இது எனக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இன்னொன்றும் எழுதியிருந்தேன்: அச்சொல்லை அச்சில் கண்டு கொதித்த நாம், நம் திருமணப் பேச்சுகளில் அதே பாகுபாடு நாற்காலி போட்டு அமர்ந்திருப்பதைக் கண்டு எத்தனை கூட்டம் நடத்தினோம்?

இப்போது தமிழ்நாட்டு நிகழ்வு ஒன்று. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வெளிவந்தது. குழந்தையில்லாத இணையர் ஒருவரின் துயரையும், திருச்செங்கோட்டுத் திருவிழாவோடு தொடர்புடைய பழைய வழக்கம் ஒன்றையும் பேசும் நாவல். 2014ஆம் ஆண்டின் இறுதியில் திருச்செங்கோட்டில் எதிர்ப்புக் கிளம்பியது. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் நடந்த பேச்சுவார்த்தையில் அவர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அதன்பின் எழுத்தாளர் பெருமாள்முருகன் இறந்துவிட்டதாகத் தாமே அறிவித்தார். அப்போது அவருக்கு ஆதரவாகச் சுற்றுக்கு வந்த அறிக்கை ஒன்றில் நானும் கையொப்பமிட்டேன். நான்கு பக்கம் போதும் என்று எழுதிய அதே கை. இரண்டுக்கும் இடையே உள்ள முரண் அன்று எனக்கு உறைக்கவே இல்லை.

2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்பேச்சுவார்த்தை உடன்பாடு எவரையும் கட்டுப்படுத்தாது என்றது. நூலொன்று பிடிக்கவில்லையென்றால் அதைத் தூக்கி எறிந்துவிடும் உரிமை வாசகனுக்கு உண்டு என்ற கருத்தும் அதில் இடம்பெற்றது. எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு. ஆயினும் அவ்வாதம் நம் பாடநூலுக்குப் பொருந்தாது என்பதை ஆசிரியர்கள் கவனிக்கவேண்டும். தேர்வுக்குரிய நூலை மாணவர் தூக்கி எறிய முடியாது. நூலகத்தில் இருக்கும் நூலைக் காப்பதும் வகுப்பறைக்குள் வரும் நூலைக் காப்பதும் வேறு வேறு பணிகள். முன்னதற்குக் கதவைத் திறந்து வைத்தால் போதும். பின்னதற்குப் படித்த ஆசிரியர் தேவை: கடினமான பக்கத்தைத் தவிர்க்காமல், அச்சொல்லின் வரலாற்றையும் வலியையும் வகுப்பில் எடுத்துரைக்கக்கூடியவர். 2011இல் நான் கேட்டிருக்க வேண்டியது அதைத்தான். சொல்லாராய்ச்சி என் கையில் இருந்தது. அதைக் கற்பித்தலுக்குக் கொடுக்காமல் கூட்டத்துக்குக் கொடுத்துவிட்டேன்.

அத்தீர்ப்பு எழுத்தாளரை நோக்கி, எழுதுமாறு கூறும் ஒற்றை ஆங்கிலச் சொல்லோடு முடிகிறது. அதை எவ்வாறு தமிழாக்குவது என்று நெடுநேரம் எண்ணியதுண்டு. 'எழுது' என்றால் ஏவல். நீதிமன்றம் கட்டளையிடுவது போலாகும். 'எழுதுக' என்றால் வியங்கோள். தொல்காப்பியர் வியங்கோளைத் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியதாகக் கொள்ளவில்லை. நன்னூலாரோ மூவிடத்துக்கும் பொதுவாக்கினார். நன்னூலார் வழியில் நின்றால், எழுதுக என்பது அவருக்கும் நமக்கும் எனக்கும் பொருந்தும். இலக்கண ஆசிரியனின் பலவீனம் இது, பொறுத்தருள்க.

மௌனமாக இருந்த காலத்தில் பெருமாள்முருகன் முற்றிலும் எழுதாமல் இருந்துவிடவில்லை. அந்நாள்களின் கவிதைகள் 'கோழையின் பாடல்கள்' என்ற பெயரில் 2016இல் நூலாயின. வெளியிடும் வழி அடைபட்டபின்னும் எழுதும் கை நிற்கவில்லை என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் மாணவர்கள் மாதிரிக் கட்டுரைகளை மனப்பாடம் செய்து பழகியவர்கள். முன்னுரையில் ஒரு பழமொழி, முடிவுரையில் ஒரு குறள். ஆறாம் ஆண்டுத் தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பின்னரும் அப்பழக்கம் நீங்கவில்லை. இவர்களிடம் நாட்குறிப்பு எழுதச் சொல்லி, அதையும் வாங்கிச் சிவப்பு மையால் சந்திப்பிழை திருத்தினால், மறுநாள் அவர்கள் உண்மையை எழுதமாட்டார்கள். பிழையில்லாத ஒன்றை எழுதுவார்கள். நாட்குறிப்பை வாங்காதீர்கள். எழுதினாயா என்று மட்டும் கேளுங்கள். தேதி, படித்த நூல், பக்க எண், அப்பக்கம் பிடித்ததா, உறுத்தியதா, ஏன்: இவ்வளவு போதும். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டியதில்லை. நூலொன்றின்மீது கண்டனம் எழும்போது அதைப் பற்றிப் பேச உரிமையுள்ளவர் யார் என்ற வினாவுக்கு, இப்படிப் பக்க எண்ணோடு எழுதிவைத்த மாணவரிடம் விடை இருக்கும். ஆதரிப்பதா எதிர்ப்பதா என்பது அவர் முடிவு.

மூன்றாம் வாரத்தின் இறுதியில் அந்தப் பழைய மாணவிக்கு மடல் எழுதினேன். ஒன்பதாண்டு தாமதமான விடை: அன்று நான் நாவலைப் படிக்கவில்லை, இப்போது படித்துவிட்டேன் என்று. அவர் கடிந்துகொள்ளவில்லை. எந்தப் பக்கத்தில் உங்கள் கருத்து மாறத் தொடங்கியது, ஐயா என்று மட்டும் கேட்டு மறுமடல் அனுப்பினார். குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்துப் பக்க எண்ணை எழுதி அனுப்பினேன்.