நோயாளர் முதன்மை கொள்ளும் செவிலியம்

பொருளும் எல்லையும்

மருத்துவமனையில் படுத்திருப்போர் செவிலியரிடம் எதனை மிகுதியும் மதிக்கின்றனர் என்னும் வினாவுக்கு, கனிவும் இன்சொல்லுமே என்று விடை கூறும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. அவ்விடை நோயாளரைக் கேட்டுப் பெறப்பட்டதா, அவர்களுக்காகப் பிறர் கூறியதா என்பதை ஆராய்வதே இச்சொற்பொழிவின் நோக்கமாகும்.

லார்சன் ஆய்வு

அமெரிக்கச் செவிலிய ஆய்வாளர் பட்ரீசியா லார்சன், மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற புற்றுநோயாளரிடம் நடத்திய ஆய்வை 1984-இல் வெளியிட்டார். செவிலியரின் 50 செயல்கள் தனித்தனி அட்டைகளில் எழுதித் தரப்பட, நோயாளர் அவற்றை மிக இன்றியமையாதது முதல் மிகக் குறைந்த இன்றியமையாமை உடையது வரை ஏழு நிலைகளாக வகைப்படுத்த வேண்டும். முதல் நிலையில் ஓர் அட்டைக்கும் இரண்டாம் நிலையில் நான்கு அட்டைகளுக்கும் மட்டுமே இடமுண்டு. எல்லாமே தேவை என்று பொதுப்பட விடையளிக்க முடியாதவாறு, ஒன்றை ஏற்றினால் மற்றொன்றை இறக்கியாக வேண்டிய நெருக்கடியை உண்டாக்குவதே இம்முறையின் சிறப்பாகும்.

ஊசி போடவும், நரம்புவழி மருந்து ஏற்றவும், கருவிகளைக் கையாளவும் அறிந்திருத்தல், மருத்துவரை எப்போது அழைக்க வேண்டும் என அறிந்திருத்தல் ஆகியவற்றை நோயாளர் முன்வரிசையில் வைத்தனர். இதே அட்டைகளைச் செவிலியர் அடுக்கியபோதோ, நோயாளி சொல்வதைச் செவிகொடுத்துக் கேட்டல் முதன்மை பெற்றது. பின்னர்ப் பல நாடுகளில் நிகழ்ந்த ஆய்வுகளிலும், நோயாளர் தொழில்திறனையும் செவிலியர் மனம்சார்ந்த ஆதரவையும் உயர்த்தி வைக்கும் போக்குப் பெரிதும் காணப்பட்டது.

வேறுபாட்டின் காரணம்

இதனைக் கொண்டு நோயாளர் கனிவை வேண்டாதவர் எனக் கொள்வது பொருந்தாது. டாக்சோருபிசின் போன்ற புற்றுநோய் மருந்து இரத்தக்குழாயை விட்டு வெளியே கசிந்தால் சுற்றியுள்ள திசுவையே அழிக்கவல்லது ஆதலின், ஊசி செருகிய இடத்தில் எரிச்சலோ வீக்கமோ தோன்றியவுடன் கண்டு மருந்தை நிறுத்தும் செவிலியரின் கண்ணும் கையுமே அந்நோயாளிக்கு முதற்காப்பாகின்றன. மருந்தின் தகுதியை மதிப்பிடும் அறிவு நோயாளிக்கு இல்லாதிருக்கலாம். தம்மைத் தொடும் கை பழகிய கையா என்பதை அவர் நொடியில் உணர்வார்.

மருத்துவரை அழைக்கும் காலத்தை அறிதலும் இத்தகையதே. பிரிட்டனின் ராயல் மருத்துவர் கல்லூரி 2012-இல், மூச்சு, நாடி, இரத்த அழுத்தம், உடல்வெப்பம், இரத்தத்தின் ஆக்சிஜன் அளவு, உணர்வுநிலை ஆகியவற்றுக்கு மதிப்பெண் இட்டு, நோயாளியின் நிலை சரிவதை முன்னரே காட்டும் தேசிய முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையை வெளியிட்டது. விடாது நோக்கி உரிய காலத்தில் அறிவித்தல் என்று நோயாளர் விரும்பிய பண்புக்கே இம்முறை அளவுகோல் அமைத்தது எனலாம்.

திறனும் கனிவும்

அமெரிக்க மருத்துவமனைகளைப் பற்றி நோயாளர் கூறும் மதிப்பீடுகளை 2008 முதல் பொதுவில் வெளியிட்டுவரும் ஹெச்கேப்ஸ் கணக்கெடுப்பு, செவிலியர் மரியாதையுடன் நடத்தினரா, கவனமாகக் கேட்டனரா, புரியும்படி விளக்கினரா என்று வினவியது. இவை திறனுக்கு மாறான பண்புகள் அல்ல. நோயாளி சொல்லும் சிறு மாற்றத்தைச் செவிகொடுத்துக் கேளாதவரால் மருத்துவரை உரிய நேரத்தில் அழைக்கவும் இயலாது. செவிலியர் முதன்மையாகக் கருதிய கேட்டல், நோயாளர் முதன்மையாகக் கருதிய கண்காணிப்பின் ஓர் உறுப்பாகவே அமைகிறது.

இவ்விரண்டுக்கும் வேண்டிய பொது முதல் நேரமாகும். ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் செவிலிய ஆய்வாளர் லிண்டா ஐக்கன் குழுவினர் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செவிலியரின் பொறுப்பில் நோயாளி ஒருவர் கூடுந்தோறும், அறுவை சிகிச்சை பெற்றோர் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு உயர்வதோடு தொடர்புற்றிருந்தது. ஆகவே, செவிலியரின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு இன்முகப் பயிற்சி அளிக்கும் நிருவாகம், நோயாளர் கேட்டதை மறுத்து அவர்கள் இரண்டாவதாக வைத்ததையும் கெடுக்கிறது. நோயாளரின் மதிப்பைப் பெற விழையும் மருத்துவமனை முதலில் திருத்த வேண்டியது தன் பணிநேரப் பட்டியலையே ஆகும்.